பக்கவாட்டில் யாருமில்லை

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகுதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடைத்தது. அதுவரை அன்றைய பொழுது அவள் துணிகளைத் துவைப்பதிலும் அவளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவதிலும் கரைந்துவிடும். அவள் போன புதிதில் நானும் என் கணவரும் மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிட்டு, டி.வி. முன்னால் தூங்கி விழுந்துகொண்டிருந்தோம். இப்படியே போனால் கிழடு தட்டிவிடும் என்று எனக்குப் பயம் வந்தது. "வாங்க, டவுனுக்குப் போய்ட்டு வரலாம்" என்று நான்தான் கிளப்பினேன்.

வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்குச் செருப்புக்கடை. அங்கிருந்து பாண்டிக்கு ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் வாரம் முழுக்க ரப்பர் வாசனைக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அந்தத் தூரம் போதும். வெயில் தாழ்ந்ததும் ஸ்கூட்டரை எடுப்போம். பீச் ரோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்போம். எங்காவது ஓவியக் கண்காட்சி என்று தட்டி வைத்திருந்தால் உள்ளே நுழைவோம். வாசலில் யாராவது தடுப்பார்களோ என்று முதலில் தயங்கினேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அது ஒரு சுகம்தான். வில்லியனூரில் புதுப்புடவை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் நாலு பேர் எங்கே என்று கேட்பார்கள்.

கலை, கச்சேரி என்கிற பைத்தியமெல்லாம் எனக்குத்தான். அவர் கூட வருவார், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் மஞ்சள் சுவர்களில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தால் இவர் அவர்களுடைய காலைப் பார்ப்பார். "அந்த ஷூ ஒரு மழைக்குத் தாங்காது" என்பார். ஓவியத்தின் முன்னால் என்னை நிற்க வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவருடைய செருப்பு எந்த ஊர்ச் சரக்கு என்று என் காதில் சொல்வார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிடுவேன்.

இப்படி நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று எனக்கு உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது மிகக் குறைவு. கடையில் அவர் கல்லாவில், நான் எதிரே பெட்டிகள் பக்கம். வீட்டில் சாப்பிடும்போது எதிரெதிரே. ஸ்கூட்டரில் அவர் முன்னால், நான் பின்னால். தோளோடு தோள் நடந்தது பீச் ரோட்டில்தான். அங்கே நடந்திருக்காவிட்டால் எனக்கு இன்னும் பல காலம் தெரியாமலே போயிருக்கும்.

ஒருநாள் மாலை. நல்ல கூட்டம். பலூன்காரி, சுண்டல்காரர், செல்ஃபி எடுக்கிற பிள்ளைகள். நான் அவருக்கு இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மகள் போனில் சொன்ன ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். அவர் சட்டென்று நின்றார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். முகத்தில் கலவரம்.

"ஏய், எங்க பூட்ட?"

"இன்னாங்க, இங்கதான இருக்கேன்?"

அவர் தலையை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தார். "திடீர்னு காணோமே உன்ன."

"நான் எங்கயும் நகரவே இல்ல."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கூட்டம் என்று அவர் சொன்னார். நானும் கூட்டம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் கூட்டமே இல்லை. மழை தூறி ஓய்ந்திருந்தது, ரோடு காலி. அன்றைக்கும் அவர் அதே மாதிரி நின்று, அதே மாதிரி முன்னும் பின்னும் தேடினார். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு சினிமா. டவுனில் ஓர் அரங்கத்தில் அவ்வப்போது பிரெஞ்சுப் படம் இலவசமாகப் போடுவார்கள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். ஏ.சி.க்காகவாவது அவர் வந்துவிடுவார். அன்றைக்குப் பாதிப் படத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"தூக்கமா?"

"இல்ல. எழுத்து நடுவுல பொளந்துக்குது. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு நவுந்து போவுது."

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். மாற்றினார். கண்ணாடிக் கடையில் எதிரே மாட்டியிருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரை சரியாகப் படித்தார். பார்வை நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

அந்தத் தோளை நான் அன்றிரவு பார்த்தேன். சட்டையைக் கழற்றியபோது இரண்டு தோளிலும் நீலம் பாரித்திருந்தது. புதுக் காயத்துக்குப் பக்கத்தில் பழைய காயம், அதற்குப் பக்கத்தில் மஞ்சளாக ஆறிப்போனது. எத்தனை நாளாக இப்படி இடித்துக்கொண்டிருக்கிறாரோ. கேட்டால், கடையில் பெட்டி இறக்கும்போது பட்டிருக்கும் என்றார்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அவருடைய கால் வளர்ந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாணத்தன்று அவர் காலுக்கு எட்டாம் நம்பர். எனக்கு நன்றாகத் தெரியும், அந்தச் செருப்பை எடுத்துக் கொடுத்ததே என் அப்பாதான். இப்போது இவர் எங்கள் கடையிலிருந்தே ஒன்பது எடுத்துப் போட ஆரம்பித்தார். "கம்பெனிக்காரன் அச்சை மாத்திட்டான். எல்லாம் சின்னதா வருது" என்றார். அப்புறம் பத்து எடுத்தார். அதே கம்பெனியின் எட்டாம் நம்பர், எட்டு போடுகிற வாடிக்கையாளர்களுக்குச் சரியாகத்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார்.

மோதிரம் விரலில் இறுகி, ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தோம். குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு ஏறியது. மார்கழிக் குளிரிலும் பனியன் நனைந்தது. குரல் தடித்து, போனில் மகள் ஒருமுறை, "அப்பாவுக்குச் சளியா?" என்று கேட்டாள். நாற்பத்தைந்தைத் தாண்டினால் உடம்பு இப்படித்தான் ஆகும்போல என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரொம்பத் தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதம்மா. அண்ணன் தண்ணி கிண்ணி போடறாரா? நேத்து என் கடை வாசல்ல ஓரமா அடுக்கி வெச்ச அண்டா மேல வந்து மோதறாரு. பட்டப்பகல்ல."

"அவரு டீ கூட சக்கரை கம்மியாதாங்க குடிப்பாரு" என்றேன். சொல்லிவிட்டுக் கடைக்குள் வந்து உட்கார்ந்தேன். ஊர் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அப்படியென்றால் இது என் மனப்பிரமை இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பீச் ரோட்டில் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தோம். எங்களைத் தாண்டிப் போன ஒருவர் திரும்பி வந்து நின்றார். கறுத்து மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது. கடலோரத்துப் பனித்திட்டுக்காரர், என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர். எங்கள் கல்யாணத்துக்குக் கூடை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்து மண்டபத்தையே கலக்கியவர். சுனாமியில் படகு போன பிறகு வெளிநாட்டுக்கு மீன்பிடிக்கப் போனார். அதோடு பார்க்கவில்லை.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்துக் கைகூப்பினார். "வணக்கங்க. நீங்க அவனுக்கு அண்ணனா? ஒரே ஜாடை. தம்பி வரலியா?"

நான் விளையாட்டு என்று நினைத்தேன். என் கணவரும் அப்படித்தான் நினைத்துப் பெரிதாகச் சிரித்தார். "டேய், நான்தாண்டா!"

பனித்திட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் கண்கள் என் கணவரின் நெற்றியில், மூக்கில், தாடையில், சிரித்தபோது தெரிந்த இடைவெளி விழுந்த பற்களில் போய்ப் போய் வந்தன. பிறகு கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை விடாமல் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாடா ஆச்சு உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னா ஆச்சு? வயசாச்சு. உனக்கு ஆவலியா?"

"எனக்கும்தான் ஆச்சு. ஆனா நான் நானாதானே இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னது அதிகப்படி என்று தோன்றியதோ என்னவோ, உடனே பேச்சை மாற்றினார். ஊருக்கே திரும்பி வந்துவிட்டதாகவும், மச்சான் படகில் போவதாகவும் சொன்னார். போகும்போது என்னிடம் மட்டும், "டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றார்.

நாங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் வலப்பக்கம் ஒரு மண்பாதை வந்து ரோட்டில் சேரும். வெளிச்சம் இன்னும் இருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அந்தப் பாதையில் மெதுவாக, சத்தம் போட்டுக்கொண்டு வருவதை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். அவரும் பார்க்கிறார் என்றுதான் இருந்தேன். வேகம் குறையவில்லை. டிராக்டர் ரோட்டில் ஏறியது. அப்போதும் குறையவில்லை. நான் கத்தினேன். டிராக்டர்காரர் பிரேக் அடித்தார். இவர் வண்டியை ஒடித்து, இரண்டு பேரும் ஓரத்துப் புல்லில் போய் விழுந்தோம். முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான்.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது?" டிராக்டர்காரர் இறங்கி வந்து கத்தினார். "இம்மாம் பெரிய வண்டி வருது, தெரியல?"

என் கணவர் எழுந்து உட்கார்ந்து அந்த டிராக்டரையே பார்த்தார். மலை மாதிரிக் கரும்பு. "எங்கேர்ந்து வந்துச்சு இது?" என்று என்னிடம் கேட்டார். அவர் வாதாடவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

மறுநாள் காலை, கடையில் கூட்டம் வருவதற்கு முன்னால், அவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணால் எதிர்ச்சுவரில் இருந்த சாமி காலண்டரை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஒரு சிவப்புச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கக் காதுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தேன்.

"தெரியும்போது சொல்லுங்க."

காதைத் தாண்டியது. பேசவில்லை. நெற்றிப்பொட்டைத் தாண்டியது. பேசவில்லை. கண்ணின் ஓரத்தையும் தாண்டி, கிட்டத்தட்ட மூக்குக்கு நேராகப் போகும் நேரத்தில்தான், "இப்பத் தெரியுது" என்றார். மற்றப் பக்கமும் அதே மாதிரி.

"நீ உட்காரு" என்றார். எனக்கு அவர் செய்து காட்டினார். செருப்பு என் காதருகே வரும்போதே எனக்குச் சிவப்பு தெரிந்துவிட்டது. நான் சொன்னதும் அவர் கை அப்படியே நின்றது. பிறகு அந்தச் செருப்பை அதன் ஜோடியோடு பெட்டியில் வைத்து மூடினார். "ஷட்டரை எறக்கு. போலாம்" என்றார்.

டவுனில் பெரிய ஆஸ்பத்திரி. கண் பார்க்கத்தான் போனோம். சீட்டு மாற்றி மாற்றிக் கடைசியில் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். என் மகளைவிடச் சில வயதே கூட இருக்கும். அந்த டாக்டர் கண்ணைப் பார்க்கவில்லை. முதலில் கையை நீட்டச் சொன்னார். விரல்களைத் தடவிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "செருப்பு சைஸ் மாறிச்சா?" என்று கேட்டார். இதெல்லாம் தனித்தனி என்று நான் நினைத்திருந்தேன். ஒரே கேள்வியில் அவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்.

"பழைய போட்டோ இருக்கா?"

போனில் காட்டினேன். பீச் ரோட்டில் எடுத்தவை, மகள் பள்ளியில் எடுத்தவை, அதற்கும் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. டாக்டர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் நெற்றி கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. மூக்கு கொஞ்சம் அகன்றிருந்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசமே இல்லை. முதலும் கடைசியும் இரண்டு மனிதர்கள்.

ஸ்கேன் எடுத்த பிறகு அந்த டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்குமாம். அதில் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் உடம்பை வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். எலும்பு, தோல், நாக்கு, எல்லாமே. இப்போது அது மேலே எழும்பி, கண்ணிலிருந்து போகும் நரம்புகள் சேரும் இடத்தை அழுத்துகிறது.

"ஜட்கா வண்டிக் குதிரைக்கு ரெண்டு பக்கமும் பட்டை கட்டுவாங்கல்ல, அந்த மாதிரிதான் பாத்துக்கிட்டு இருக்கார். நேரா எல்லாம் தெரியும். பக்கவாட்டுல யாருமே இருக்க மாட்டாங்க."

"எத்தனை நாளா இது இருக்கும்?" என்று என் கணவர் கேட்டார்.

"பல வருஷமா இருக்கும்."

வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். நான் பின்னோக்கி நினைத்துக்கொண்டே போனேன். மகள் பள்ளி முடித்தபோது அது இருந்தது. முதல் ஓவியக் கண்காட்சியில் இருந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே வெளியே ஓடி வந்தபோதும் இருந்தது. நல்ல காலம் என்று நான் நினைத்து வைத்திருந்த ஒவ்வொரு நாளிலும் அது சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த நினைப்பிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

அறுவை சிகிச்சை மூக்கு வழியாக. தலையைத் திறக்கவில்லை. மகள் வந்துவிட்டாள். நாங்கள் காத்திருந்த இடத்துக்குப் பனித்திட்டுக்காரரும் அவர் மனைவியும் தூக்குச் சட்டியோடு வந்தார்கள். அவர் என் பக்கத்தில் உட்காரவே கூசினார்.

"நான் வாய வெச்ச நேரம்மா. அன்னிக்கி அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"நீங்க கேக்கலன்னா அந்த டிராக்டருக்கு அப்புறம் கூட நான் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேண்ணா" என்றேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் உப்பும் மீனும் மணந்தன. அந்த டெட்டால் வாடைக்கு நடுவில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கண் விழித்த மறுநாளே அவருக்குப் பக்கத்துக் கட்டில் தெரிந்தது. தலையைத் திருப்பாமலே, "அங்க ஒரு தாத்தா ஆரஞ்சு உரிக்கறாரு" என்றார். மகள் அழுதுவிட்டாள். முழுசாக வரவில்லை. வலப்பக்க ஓரம் வந்த அளவுக்கு இடப்பக்கம் வரவில்லை. கையும் காலும் முகமும் வளர்ந்தது வளர்ந்ததுதான், பழையபடி ஆகாது என்றார்கள். கட்டியில் ஒரு சிறு பகுதி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். அதைத் தொடவில்லை. அதற்கு மாதாமாதம் ஊசி, வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். தலைவலி வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் உடனே வரச் சொன்னார்கள்.

இப்போது வண்டி நான் ஓட்டுகிறேன். நாற்பத்து மூன்று வயதில் பழகினேன். கடைத்தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். முதலில் விழுந்தேன், பிறகு விழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறோம். சில வாரம் டவுனுக்கு, சில வாரம் பாகூர் ஏரிக்கரைக்கு. கூட்டத்தில் நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன். முன்னெல்லாம் வெட்கப்படுவோம்.

இன்றைக்குப் பனித்திட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலிருந்தே மேகம் மூடிக் கிடந்தது. வழியில் செலியமேட்டைத் தாண்டும்போது வயலிலெல்லாம் தண்ணீர். சாப்பாடு முடிந்து ஆண்கள் இரண்டு பேரும் படகுகளுக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பனித்திட்டுக்காரரின் மனைவியோடு மீன் கழுவிய இடத்தைத் தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"இப்ப நல்லாயிட்டாரு, இல்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நல்லா இருக்காரு."

கிளம்பும் நேரத்தில் மழைக்கோட்டு எடுக்க ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். கோட்டுக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை. தலைவலிக்குப் போடுவது. பாதிக்கு மேல் காலி. நான் வாங்கியதில்லை. அவர் மணலைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் பீச்சுல தீர்த்தவாரி பாக்கப் போவணும். போன வருஷம் ஆஸ்பத்திரியிலயே பூடுச்சு" என்றார்.

அட்டையை அவர் பார்க்கும்படி நேராக நீட்டினேன். "தலை வலிக்குதா?"

"வெயில்ல வந்தது."

நான் வானத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"நாளைக்குக் கடை தெறக்க வேணாம். காலையிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றேன்.

அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.